வேறு மூடி

அவன் முதலில் விற்றது குக்கரை இல்லை,
மூடியை மட்டும்.
கொசப்பேட்டையில் பழைய இரும்புக்கு
எண்பது ரூபாய் கொடுத்தார்களாம்.
பாத்திரம் அலமாரியில் இருந்ததால்
குக்கர் இருக்கிறது என்றே
இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு வருஷம்
தட்டைக் கவிழ்த்து மேலே கல் வைத்துச் சோறாக்கினேன்.
பாலாற்றில் தண்ணீருக்குத்தான் பஞ்சம்,
கல்லுக்கு இல்லை.

பிரியாணி வாங்காத வீட்டில்
பிரியாணி பொட்டலத்து வெள்ளித்தாள்:
மெத்தைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால்,
ஒருநாள் என் ஊசி டப்பாவுக்குள்.
நடுவில் கறுப்பாய் ஒரு தடம்,
நத்தை சூடு பட்டுக்கொண்டே ஊர்ந்த மாதிரி.
விரலால் தொட்டு மோந்து பார்த்தேன்.
வினிகரா, செத்த எலியா,
இன்னும் சொல்லத் தெரியவில்லை.

மூன்று முறை விட்டான்.
மூன்று முறையும் வெளித்தாழ்ப்பாள் போட்டது நான்.
கத்திரி வெயில், வேலூரே கொதிக்கிறது,
உள்ளே அவன் கம்பளி கேட்டுக் கதவை உதைக்கிறான்.
பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்,
எங்களுக்காகவா அவர்களுக்காகவா தெரியாது.
நாலாம் நாள் நானே திறந்துவிட்டேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது மெதடோன்.
ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஒற்றை ஜன்னல்,
காலை எட்டரைக்குத் திறக்கும்.
வாலாஜா லாரி டிரைவர்,
காட்பாடியிலிருந்து லேப்டாப் பையோடு ஒரு பையன்,
பேரணாம்பட்டு முனவ்வர்:
தோல்ஷாப் நீலம் நகத்தை விட்டுப் போகாத கை.
வரிசையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை,
ஒருவன் வராவிட்டால் மட்டும்
எல்லோரும் கேட்டுப் பக்கம் பார்க்கிறார்கள்.

"ஒரு சனியன விட்டு இன்னொரு சனியன்.
இன்னா, இது கவர்மெண்டு சனியன், அவ்ளோதான்"
என்றான் குடியாத்தத்து அண்ணன்.
என்னிடம் பதில் இல்லை.
ராத்திரி அவன் தூங்குகிறான் என்று மட்டும் சொன்னேன்.
நானும்.

தங்கை கல்யாணம் போளூரில்.
முகூர்த்தம் ஏழு மணிக்கு.
ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் எட்டரைக்கு ஜன்னல்.
மேளம் உச்சத்தில் இருந்தபோது
அவன் கண்ணமங்கலம் நெருங்கியிருப்பான்.
போட்டோவில் என் பக்கத்தில்
ஒரு ஆள் அகலத்துக்கு இடம் இருக்கிறது.
"நகருங்கக்கா" என்றார் போட்டோக்காரர்.
நகரவில்லை.
அன்றைக்கு அந்த ஜன்னல்மேல் எனக்கு வந்த கோபம்
பவுடர்மேல்கூட வந்ததில்லை.

பெங்காலி போர்டு வைத்த லாட்ஜில்
நோயாளிகள் படுத்த விரிப்புகளைத் துவைக்கிறான்.
இரண்டாவது சம்பளத்தில்
லாங்கு பஜாரிலிருந்து ஒரு மூடி வாங்கி வந்தான்.
வேறு கம்பெனி.
விளிம்பு சரியாய் உட்காரவில்லை,
ஓரத்தில் ஆவி சீறுகிறது,
மூன்று விசிலுக்கு வேக வேண்டியது
ஏழு விசில் கேட்கிறது.
துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்து
கை வெந்தும் போனது.
ஆனால் வேகிறது.
கல்லை இன்னும் தூக்கிப்போடவில்லை,
அடுப்புக்குக் கீழேதான் கிடக்கிறது.

இன்று எனக்கு லீவு, கூடப் போனேன்.
சின்ன பிளாஸ்டிக் கப்.
குடித்தான், தண்ணீர் ஊற்றி அலசி மறுபடி குடித்தான்.
"எதாவது பேசுங்க சம்பங்கி" என்றாள் நர்ஸ் ரெஜினா.
வாயில் அடக்கி வெளியே போய் விற்பவர்கள் உண்டு.
அதற்காகத்தான் இந்தப் பேச்சு.
அவனும் ஒருமுறை விற்றிருக்கிறான்,
எனக்குத் தெரியும், ரெஜினாவுக்குத் தெரியாது.

வாயைத் திறந்து காட்டினான்,
பின் வரிசையில் இரண்டு பல் இல்லை.

"பேசுங்க."

கொஞ்ச நேரம் யோசித்து,
என்னைப் பார்க்காமல்,
ஜன்னல் கம்பியிடம் சொன்னான்:

"குக்கருக்கு கேஸ்கட் வாங்கணும் மேடம்."

"சரி. அடுத்தவங்க வாங்க."