தண்ணீர் வரும் நேரம்

தாராவி. தொண்ணூறடி சாலைக்குப் பின்சந்து.
தகரக் கூரையின் கீழ் ஞாயிறு வகுப்பு.
சமாரியப் பெண் கிணற்றடிக்கு வந்துவிட்டாள்,
அவர் தண்ணீர் கேட்க வேண்டியதுதான் பாக்கி.
"பானி ஆயா!"
வெளியே யாரோ கத்த,
பாய் காலி.

கதையில் அவள் குடத்தை விட்டுவிட்டு ஓடினாள்.
இவர்கள் குடத்துக்காக ஓடினார்கள்.

முன்பெல்லாம் கதவைச் சாத்துவேன்.
வசனம் ஒப்பித்தால்தான் விடுதலை.
பதினோரு வருஷமாயிற்று எனக்கு,
குழாயடியிலும் வகுப்பு நடக்கும் என்று தெரிய,
நான் வாயை மூடிக்கொண்டால்.

வரிசையில் ஜெர்லின் கேட்டாள்:
"டீச்சர், அவ விட்டுட்டுப் போன குடத்த
யாரு அவ வீட்டுல கொண்டுபோய் வெச்சா?"

வேதாகமப் பள்ளியில் யாரும் கேட்காதது.
தெரியலம்மா என்றேன்.

இரும்பு ஏணியில் அவள் மேலே, நான் கீழே,
நடுவில் குடம்.
கொஞ்சம்
என் தலையில் சிந்தியது.