பழுப்பு

எங்கள் லேபில் ஒரு பிரஷர் குக்கர் உண்டு.
சமையலுக்கு இல்லை.
மெழுகில் சீவிய தசையைக் கண்ணாடியில் ஒட்டி
சிட்ரேட் நீரில் மூன்று விசில் விட்டால்
ஒளிந்திருக்கிற புரதம் முகம் காட்டும்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிற
பயிற்சி டாக்டர்கள் விசில் கேட்டு
"என்ன அக்கா, இன்னைக்கு சாம்பாரா?" என்பார்கள்.

இன்று குக்கருக்குள் போனது
சொரிமுத்து, ஐம்பத்திரண்டு, ஆண்,
பாபநாசம் டிப்போ கண்டக்டர்.
கழுத்து நெறிக்கட்டு, வலது பக்கம்,
ஒரு புளியங்கொட்டை அளவு.

கூடவே, கன்ட்ரோலுக்கு,
வள்ளியூர்ப் பிள்ளை ஒருத்தியின் டான்சில்.
ஏழு வயது.
ஐஸ்கிரீம் தருவதாகச் சொல்லி வாயைத் திறக்கவைத்தார்களாம்.
எட்டு மாதமாக ஊர்பேர் தெரியாத எல்லார்க்கும்
அவள் தொண்டைதான் சாட்சி.

அந்த டான்சிலைப் பார்க்க வேண்டும்.
வட்டம் வட்டமாய் முடிச்சுகள்.
சுற்றிலும் பழுப்பு, நடு மட்டும் வெளிறு.
அந்த நடுவில்தான்
கிருமிக்கு ஏற்ற பூட்டைச் செய்து செய்து பார்க்கின்றன செல்கள்.
பொருந்தியது ஒன்றிரண்டு வெளியே போகும்.
மீதி அத்தனையும்
யாரும் தள்ளாமல்
தன்னைத் தானே நறுக்கிப்
பொட்டலம் கட்டி வைத்துவிடும்.
பக்கத்தில் நிற்கிற பெரிய செல் விழுங்கிக்கொள்ளும்.
சீழ் கிடையாது, வீக்கம் கிடையாது.

அந்த இடத்தில் பி.சி.எல்-டூ இருக்கக் கூடாது.
அதன் வேலை சாவை மறிப்பது.
மைட்டோகாண்ட்ரியாச் சுவரில் நின்றுகொண்டு
ஓட்டை போட வருகிறவன் கையைப்
பிடித்துக்கொள்ளும், விடாது.
பதினெட்டாம் குரோமோசோமில் அதற்கு ஒரு சீட்.
எப்போதாவது ஒருவருக்கு
அது எழுந்துபோய்ப் பதினான்கில் உட்கார்ந்துவிடும்.
அங்கே இருக்கிற சுவிட்சை
இராப்பகலாய் அணைப்பார் இல்லை.

பகல் ஒன்றரைக்கு ஜன்னலில் அவரே வந்து நின்றார்.
காக்கி போடாத நாள்.
ஆனாலும் பத்து ரூபாய்த் தாளை நீளவாக்கில் மடித்து
விரல் இடுக்கில் செருகியிருந்தார்.
"ரிப்போர்ட் எப்பம்மா கிடைக்கும்?"
நாளைக்கு என்றேன்.
"சாவ வேண்டியது சாவ மாட்டேங்குன்னு
வார்டு டாக்டர் சொன்னாரு.
சாவாம இருக்கது நல்லதுதானம்மா?"

மேடம் கையெழுத்துப் போடாமல்
ஒரு சொல் என் வாயிலிருந்து போகக் கூடாது.
அது எனக்கு வசதியாகப் போயிற்று.

அவர் போகவில்லை.
"ராத்திரி கடைசி டிரிப்புல ஒருத்தன் எறங்க மாட்டான்.
தூங்குதானா நடிக்கானான்னு தெரியாது.
வண்டிய ஷெட்டுல விடணும், டிரைவர் கத்துவாரு.
நான் கைவச்சதில்ல.
பக்கத்து சீட்டுல போய் சும்மா உக்காருவேன்.
அவனே எறங்கிருவான்.
ஒருத்தன் மட்டும்..."
என்று தொடங்கி,
மூன்று மணி அம்பாசமுத்திரம் வண்டி ஞாபகம் வந்து
"வாரேம்மா" என்று போய்விட்டார்.

குரோமோஜன் சொட்டு விட்டேன்.
ஐந்து நிமிடம்.
மேலப்பாளையத்தில் என் மதினி மடியில்
இந்நேரம் முறத்தில் கிடக்கும் பீடி இலை,
அதே நிறம்
மெல்ல ஏறிற்று.

டான்சிலில் நடு வெளிறு, சரி.
சொரிமுத்துவின் முடிச்சுகளில்
நடு என்று ஒன்று இல்லை.
விளிம்புவரை பழுப்பு.
ஒவ்வொன்றும் நெருக்கியடித்துக்கொண்டு
ஏறினது ஏறினபடி.

மேடம் லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்த்தார்.
"மெதுவாப் போற ரகம். வருஷக்கணக்குல இருப்பார்" என்றார்,
எனக்கா கண்ணாடிக்கா தெரியவில்லை.
பிறகு கையெழுத்து.

குக்கரைக் கழுவிக் கவிழ்த்தேன்.
கேஸ்கட் தளர்ந்துவிட்டது, இண்டென்ட் போட வேண்டும்.
கழுவும்போது என் கையிலிருந்தும்
எத்தனை ஆயிரமோ
சொல்லாமல் இறங்கிப் போயிருக்கும்.

அந்த ஒருத்தன் என்ன செய்தான் என்று
கேட்டிருக்கலாம்.

வள்ளியூர்ப் பிள்ளையின் கட்டையில்
இன்னும் இருபது சீவல் தேறும்.
அதற்குப் பிறகு
வேறொரு பிள்ளை வாய் திறக்க வேண்டும்.