ஏழாம் பாத்தி

தேவர்குளத்துக்குக் கிழக்கே, கரிசலில்
பன்னிரண்டு பாத்திகள்.
மூன்றுக்கு ஒன்றும் போடவில்லை.
மற்றவற்றுக்கு யூரியா,
நாற்பது, எண்பது, நூற்றிருபது என்று
தழைச்சத்துக் கணக்கில்
நானே நிறுத்துத் தூவியது.

விதை மண்ணுக்குள் இருக்கும்போதே
கணினி சொல்லிவிட்டது:
ஒன்றும் போடாவிட்டால் எக்டேருக்கு ஐந்நூற்றுப் பத்து கிலோ,
எண்பதுக்கு ஆயிரத்து முந்நூறு,
அதற்கு மேல் கோடு
வயிறு நிறைந்த மாடு மாதிரி
மெல்லப் படுத்துக்கொள்ளும்.
அழகான கோடு.
கொஞ்ச நாள் அதுதான் என் ஃபோனின் முகப்புப் படம்.

மாசி. வெடிப்புக்குள் செருப்பு விழுந்தால்
கம்பி விட்டுத்தான் எடுக்கவேண்டும்.
வெள்ளத்தாயும் நாலு பேரும்
ஆறு மணிக்கே மடி கட்டி இறங்கினார்கள்.
"பனி காயட்டுமே."
"பனியோட எடுத்தாத்தான் சருகு ஒட்டாது."
சரிதான். பனிக்கும் எடை உண்டு.
கூலி கிலோவுக்கு என்பதை அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஒரு பிடியை உலர்த்திப் பார்த்து
ஈரத்தைக் கழித்தேன்,
என் நோட்டில் மட்டும்.

எண்பது போட்டவை எண்ணூற்று எழுபதில் நின்றன.
கணினிக்கு மழை பாளையங்கோட்டையிலிருந்து வருகிறது.
அந்தக் கார்த்திகை மழை இங்கே
ஓடைக்கு அந்தப் பக்கமே
பெய்துவிட்டுப் போனது.
யூரியா பனியில் கரைந்து
மூத்திர வாடையாய்க் காற்றில் ஏறியது.

அதுவரை புரிகிறது.
ஒன்றும் போடாத ஏழாம் பாத்தி
ஆயிரத்து நூற்று நாற்பது.

தராசைத் தட்டினேன். சாக்கின் எடையை
மறுபடி கழித்தேன்.
எண் மாறியதோ என்று
குச்சியின் பெயின்டைச் சுரண்டினேன்.
வெள்ளத்தாய் காலால் மண்ணைக் கிளறினாள்.
கறுப்புக்குள் கறுப்பாய்ப் புழுக்கை.
"உய்க்காட்டான் கிடை. பொரட்டாசியில ரெண்டு ராத்திரி
இந்த மூலையிலதான் வலை கட்டுனான்.
எங்க அண்ணன்தான்."

ராத்திரி பேராசிரியரிடமிருந்து செய்தி:
ஏழை நீக்கிவிடுங்கள், பிழை குறையும்.
அவர் எண்ணைத்தான் சொன்னார்.

மண், ரகம், மழை, உரமிட்ட தேதி.
எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது.
ஆட்டுக்கு இல்லை.
உரக் கட்டத்தில் அறுபது என்று போட்டுப் பார்த்தேன்.
கோடு நேராக வந்து
ஏழின் தலையில் உட்கார்ந்தது.
அவ்வளவு சரியாக உட்கார்ந்ததால்தான்
அழித்தேன்.

காலையில் உய்க்காட்டானுக்கு ஃபோன்.
மானூர்ப் பக்கம் எங்கோ, பின்னால் ஒரே மணிச் சத்தம்.
அன்றைக்கு எத்தனை ஆடு என்றேன்.
"எதுக்கு?"
கணக்குக்கு.
கொஞ்ச நேரம் மணி மட்டும்.
"குட்டியச் சேத்தா,
சேக்காமயா?"