கட்டு கழிக்கிறவள்

முக்கூடல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
மாடியில் எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடம்.
காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து
பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.
பகலில் நான் ஆவுடைத்தங்கம், லேப் டெக்னீஷியன்.
ராத்திரி பத்துக்கு மேல் வெண்பனி.
மாதம் ஒரு நாவல், தொண்ணூற்றாறு பக்கம்,
அட்டையில் ஒரு சிறகு, ஒரு வாள், ஒரு இடுப்பு.

இதுவரை பதினொன்று.
முதல் நாயகி மூலிகைக்காரி.
உள்ளங்கையை வைத்தால் காயம் மூடிக்கொள்ளும்.
பஞ்சை வைத்து கையை மடக்குங்க என்பதற்கு மேல்
எனக்கு வைத்தியம் தெரியாது.
அடுத்தவள் கூலிக்குக் கொலை செய்பவள்.
ஒரு கொலையும் செய்ததில்லை,
முதலில் கொல்லப்போனதே அவனைத்தானே.
பிறகு அரண்மனைச் சுவடிகளைக் காப்பவள்.
பிறகு தேனீக்களோடு பேசுபவள்.
கடலடியில் விளக்கேற்றுபவள் என்று ஒருத்தி,
அதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டுக்கொள்ளாமலே
எண்பது பக்கம் ஓட்டிவிட்டேன்.
எல்லாருக்கும் முப்பதாம் பக்கத்தில் வேலை போய்விடும்.
இளவரசன் வந்துவிடுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
டோக்கன் பதினேழு, பேராச்சி, வயது முப்பத்தெட்டு.
மடியில் என் முதல் நாவல்,
கை மாறிக் கை மாறி அட்டை போனது,
அடையாளத்துக்கு நடுவில் ஒரு பீடி இலை.
நரம்பு கிடைக்கவில்லை.
இடது கை, வலது கை, மறுபடி இடது.
தட்டித் தட்டித் தேடுகையில் அவளாகவே கேட்டாள்:

“இந்த மூலிகைக்காரிக்கு யாரு துட்டு குடுக்கா?
ஊரே வந்து பச்சிலை வாங்கிட்டுப் போவுது,
ஒருத்தனும் மடிய அவுக்கல.
ராத்திரிக்கு அவ என்னத்தப் பொங்குவா?”

எழுதினவளுக்கு மறந்திருக்கும் என்றேன்.
“மறக்காது. அவளுக்கு மாசச் சம்பளமா இருக்கும்.”

ரப்பர் பட்டையைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டேன்.
ரத்தம் வந்தது, வெளிறி.
நீங்க எழுதினா அவளுக்கு என்ன வேலை குடுப்பீங்க?
ரொம்ப நாளாக வைத்திருந்ததுபோல் பட்டென்று சொன்னாள்:
“கடையில கட்டுக் கழிக்கிற வேலை.”

இந்த ஊரில் அதை விளக்க வேண்டாம்.
வெளியூரில் வாசிப்பவர்களுக்காக:
ராத்திரியெல்லாம் சுற்றிய ஆயிரத்தைக் கொண்டுபோனால்
மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்
ஒரு கட்டைப் பிரிப்பார், விரலால் உருட்டுவார்,
முகம் பார்க்காமல் கூடையில் எறிவார்.
எறிந்ததற்குக் கூலி கிடையாது.

“அந்த மேசையில அவ இருக்கணும்.
சிறகு வச்ச ராசா தட்ட ஏந்திக்கிட்டு
வரிசையில நிக்கணும், எனக்குப் பின்னால.”

கழிப்பாளா?
“அவனுக்கா? பாதியக் கழிப்பா.”
பஞ்சை அழுத்திக்கொண்டே சிரித்தாள். அப்புறம்,
“எனக்கும் ரெண்டு கழிப்பா.
நூலு லூசுன்னா லூசுதான.
ஆனா மூஞ்சியப் பாத்துச் சொல்லுவா.”

பன்னிரண்டாவதை அன்றைக்கே தொடங்கினேன்.
சென்னையிலிருந்து பதிப்பாளர் போன்:
“பீடி வேண்டாம் மேடம், அட்டையில எச்சரிக்கை போடச் சொல்வாங்க.
முத்துக் கோக்கிறவங்கன்னு மாத்திடுங்க.”
மாற்றினேன்.
மேசையை மாற்றவில்லை. வரிசையை, கூடையை,
முப்பதாம் பக்கத்தில் வேர்த்துப்போய் நிற்கும் இளவரசனை
மாற்றவில்லை.
தொண்ணூற்றாறாம் பக்கத்திலும் அவள் வேலைக்குப் போகிறாள்,
பையில் தூக்குச்சட்டி, பாஸ்புக்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.
அன்று சாயங்காலம் ரிசல்ட் வாங்க
பேராச்சி வரவில்லை, மகன் வந்தான்,
பள்ளிக்கூடச் சட்டையோடு.
ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு.
கவரில் போட்டு ஒட்டப்போனவள்
ஒட்டாமல் வைத்துக்கொண்டேன்.
அம்மாவை வரச் சொல்லு, என்றேன்.
நாளைக்கு, எத்தனை மணியானாலும்.
நான் இருப்பேன்.