பதினைந்து விநாடி

லீசிங்கில் எடுத்த மின்சாரக் கார்.
சீட்டில் பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை.
துஷ்யந்தி சாவி தரவில்லை. சாவியே இல்லை,
ஓர் அட்டையைக் கதவில் தொட்டாள், திறந்தது.
"நீங்கள் முதல் ஓடிப் பாருங்கோ அண்ணை,
எனக்குப் பயம்."
இருபத்தாறு வருஷம் ஹையேஸ் ஓடியவன் நான்.
இது மரியாதையா பரிசோதனையா என்று
யோசித்துக்கொண்டே ஏறினேன்.

ஞாயிறு காலை, உப்புவெளியிலிருந்து நிலாவெளி.
எஞ்சின் சத்தமில்லாத வண்டியில்
என் காதுக்கு வேலை போனது.
தண்டை இரண்டு தரம் கீழே தட்டினால்
தானாய் ஓடும் என்றான் நிஹ்மத்.
கிண்ணியாக்காரன், எல்லாம் யூடியூப்பில் படித்தவன்.
தட்டினேன். டிங்.
ஸ்டியரிங் என் உள்ளங்கைக்குள் மெல்லத் திரும்பியது,
தூக்கத்தில் புரளும் பிள்ளையைப் போல.
வலது கால்தான் பாவம்,
எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தது.

திரையில் எங்கள் ஊர் வேறுவிதமாய் இருந்தது.
ஆட்டோவை லொறி என்றது.
மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள்
ஒரு கணம் லொறி, மறுகணம் ஆள்,
பிறகு ஒன்றுமே இல்லை.
மாட்டை அது மதிக்கவில்லை.
மாடும் அதை மதிக்கவில்லை.

அது நம்புவது வெள்ளைக் கோட்டை மட்டும்.
சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும்
காற்று அள்ளிப்போட்ட மணலுக்குள் கோடு போய்விட்டது.
டிங் டிங் டிங், நீயே பிடி என்று
சொல்லி முடிக்குமுன் விட்டுவிட்டது.
பிடித்தேன். மணல் எனக்குப் பழக்கம்.
"வெள்ளைக்காரன்ர றோட்டுக்குச் செய்த சாமான்" என்றேன்.
"சீனாவில செய்தது அண்ணை" என்றாள்
பின்சீட்டிலிருந்து.

பின்னேரம் கிண்ணியாப் பாலத்தில் நிஹ்மத் ஓடினான்.
கோடு புதிது, பாலம் நேர், பக்கக் காற்றுப் பலம்.
காற்று தள்ளத் தள்ள
வண்டி அதற்கு எதிராய்ச் சாய்ந்து பிடித்தது.
எனக்கே வெட்கமாய் இருந்தது, அவ்வளவு அழகு.
பதினைந்து விநாடிக்கு ஒருதரம் கை எங்கே என்று
கேட்டது மட்டும்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.
அரைப்போத்தல் தண்ணியை ஸ்டியரிங்கில் செருகினான்.
போத்தலைக் கையென்று நம்பியது கார்.
துஷ்யந்தி எட்டி அதைப் பிடுங்கினாள்.
"இன்னும் நாலு வருஷமும் பதினொரு மாசமும்
காசு கட்ட வேணும் நான்."

திரும்பும்போது இருட்டு. மறுபடி நான்.
சீனக்குடாவை நெருங்க, அதே கேள்வி.
கையை ஸ்டியரிங்கில் வை.
கையை வை.
இந்தத் தெருவில் இது எனக்குப் புதிதில்லை.
முன்விளக்கை அணை, உள்விளக்கைப் போடு,
இரண்டு கையும் தெரிய மேலே வை.
ஒரு நாளைக்கு எட்டுத்தரம், ஒன்பதுதரம்,
ஹையேஸ் நிறைய ஆட்களோடு.
அப்போது கேட்டவன் என் கைக்குப் பயந்தான்.
இது என் கை இல்லாததற்குப் பயப்படுகிறது.
இரண்டையும் ஒன்றாய் நினைக்கக்கூடாது என்று
நினைத்துக்கொண்டே ஓடினேன்.

"அண்ணே, ஏன் லைட்டப் போட்டீங்க?" என்றான் நிஹ்மத்.
பார்த்தால், தலைக்கு மேல் உள்விளக்கு எரிகிறது.
எப்போது போட்டேனோ தெரியாது.
இரண்டு கையும் ஸ்டியரிங்கின் உச்சியில்,
விரல் வெளுக்கும் அளவுக்கு.

மட்டிக்களியில் நிறுத்தினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
துஷ்யந்தி முன்னால் வந்து செருப்பைக் கழற்றினாள்,
வெறுங்காலோடு தண்டைத் தட்டினாள்.
டொக்யார்ட் வீதியில், அவள் காண்பதற்கு முன்
வண்டி கண்டு நின்றது.
திரையில் ஆறு பேர் வரிசையாய்த் தெருவைக் கடந்தார்கள்.
கண்ணாடிக்கு வெளியே மான்கள்.
கொம்புள்ள ஆள் கடைசியாய் வந்து,
வெளிச்சத்துக்குள் எங்களைக் கொஞ்சநேரம் பார்த்து,
குப்பைத்தொட்டிப் பக்கம் போனார்.

தெரு வெறுமையானது. வண்டி அசையவில்லை.
பின்னால் ஆட்டோ ஒன்று ஹோர்ன் அடித்தது.
டிங் என்றது கார்.
மூன்று பேரும் ஒரே நேரத்தில்
கையை நீட்டினோம்.