தொள்ளாயிரம் கிராம்

கடையில் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துத்தான்
வாங்கினாள் நீவெஸ்.
தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராம்.
அவள் சோதிக்கும் காப்பி மூட்டை
ஒவ்வொன்றும் அறுபது கிலோ.

ட்ரியெஸ்தே துறைமுகம், ஏழாம் கிடங்கு.
இடது கையில் தாம்பாளம்போல் மடிக்கணினியை ஏந்தி
வலது கையால் தட்டிக்கொண்டே நடப்பாள்:
ஈரம், பூஞ்சை, எலி கடித்த சாக்கு.
விசைகளுக்கடியில் எத்தியோப்பியத் தூசி.

கனமில்லாதது எங்கும் கூடவே வந்தது.
பேருந்தில், பல் வைத்தியரிடம்,
ஒருமுறை சித்தப்பாவின் அடக்கத்துக்கும்.
அங்கேயும் ஒரு அறிக்கை அனுப்பினாள்.

நேற்று போரா காற்று.
விளக்குக் கம்பம் விளக்குக் கம்பமாகக் கட்டிப்பிடித்து
வீடு சேர்ந்து பையைத் திறந்தால்
உள்ளே குடையும் பாதி ரொட்டியும்.
தோள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பிப் போனாள், அதே கம்பங்கள் வழியே.
மூட்டைமேல் விட்ட இடத்திலேயே இருந்தது;
மூடியின்மேல் ஒரு கிலோ எடைக்கல்.
"பறந்துடுமோன்னு வச்சேன்" என்றான்
காவலுக்கிருந்த ட்ராகோ.

கல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இன்று காலை இரண்டும் பையில் போகின்றன,
நடுவில் ஒரு கம்பளிக் காலுறை.
வார் அழுத்தும் இடத்தை
பேருந்து நிறுத்தத்தில் நின்று
தொட்டுப் பார்க்கிறாள்.