ஒரே அளவு

ருவைஸ் கேம்ப் ஸ்டோரில்
கவரால் நாலு எக்ஸ்எல் வரை இருக்கிறது,
பூட்ஸ் பதிமூன்று வரை.
சந்தியாகுவுக்கு இடுப்பு, மார்பு, கைநீளம்
அளந்து கொடுத்தவன் நான்.
கிரேன்காரன். நூற்று முப்பத்தெட்டு கிலோ.
கடற்கரையில் பிறந்தவனுக்கு இறால் ஆகாது.
வெள்ளிக்கிழமை மெஸ்ஸில்
கரண்டி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

உதடு தடித்து, மூச்சு விசிலடிக்க,
பேனா ஊசியைத் தொடையில் வைத்து அழுத்தினேன்,
துணிக்கு மேலேயே.
க்ளிக்.
பத்து எண்ணினேன்.
விசில் நிற்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து
மறு தொடையில் இரண்டாவது,
என் எடை முழுவதும் கையில்.

"முதல் ஊசி கொழுப்பிலேயே நின்றிருக்கலாம்,"
என்றார் நர்ஸ் ஜெஸிந்தா. "இல்லாமலும் இருக்கலாம்.
தசையில் விழுந்தால் மருந்து ஓடும்,
கொழுப்பில் விழுந்தால் நடக்கும்."
ஐம்பது கிலோ ராம்பிலாஸுக்கும்
அதே ஊசிதானாம், அதே நீளம்.

தோலிலிருந்து தசை எவ்வளவு தூரம்?
என் நாடா அங்கே போனதில்லை.

ஆஸ்பத்திரி அங்கி முதுகில் சேராமல்
ஒருக்களித்துக் கிடந்து சிரிக்கிறான்:
"இதுக்கும் சைஸ் இல்லியாடே?"

ஸ்டோருக்கு வந்து இண்டென்ட் எழுதுகிறேன்.
பொருள்: ஊசி.
அளவு: அந்தக் கட்டத்தில் ஒரு கோடு.
எண்ணிக்கை:
ஆளுக்கு இரண்டு.